படுத்துவிட்ட சோலார் பேட்டரி எழுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டு சோலார் பேட்டரி பற்றியவை. எல்லாவற்றிலும் ஒரே ஏக்கம்தான்: போன பேட்டரியைத் திரும்ப எழுப்ப முடியுமா? எழுப்பக்கூடியவை உண்டு. தொடவே கூடாதவையும் உண்டு. உங்களுடையது எந்தப் பக்கம் என்பதை மீட்டரில் வரும் எண் சொல்லிவிடும். அதனால் பதில்களில் எண்கள் நிறைய வரும். ஒரு மல்டிமீட்டரையும், ஈய-ஆசிட் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: எங்களுடையது 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் (குழாய்த் தகடு ஈய-ஆசிட்) பேட்டரி. நான்கு வருடம் ஆகிறது. ஒரு ஃபேன், மூன்று லைட்டுக்கு இரவு முழுக்கத் தாங்கியது. வெளியூர் போகும்போது பேனல் பிரேக்கரை இறக்கிவிட்டு, இன்வெர்ட்டரை அணைக்க மறந்துவிட்டோம். மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தால் முக்கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். உங்கள் பேட்டரிக்கு வந்திருப்பது பெரும்பாலும் சல்ஃபேஷன். மீட்டெடுக்கக்கூடிய நோய்களில் முதலில் நிற்பது அதுதான்.

நடந்தது இதுதான். எந்த லோடும் இல்லாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். 12 வாட் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் அது 1 ஆம்பியர். ஒரு நாளைக்கு 24 ஏ.எச். ஒரே வாரத்தில் 150 ஏ.எச். காலி. இன்வெர்ட்டர் அதற்கு முன்பே தன்னைத் துண்டித்துக்கொண்டிருந்தாலும், அந்தக் காலி வயிற்றோடு பேட்டரி மூன்று மாதம் கிடந்திருக்கிறது.

ஈய சல்ஃபேட் என்பதே கெட்ட பொருள் என்று நினைக்க வேண்டாம். 1859-ல் கஸ்தோன் பிளாந்தே முதல் ஈய-ஆசிட் பேட்டரியைச் செய்த நாளிலிருந்து அது கூடவே இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்சார்ஜிலும் தகட்டில் பொடியாகப் படியும், ஒவ்வொரு சார்ஜிலும் கரைந்து போகும். பல வாரம் சார்ஜே ஏறாமல் விட்டால்தான் அந்தப் பொடி ஒன்றோடு ஒன்று சேர்ந்து கெட்டிப் படிகமாகிறது. சாதாரண சார்ஜுக்கு அது அசையாது. மெதுவாக, நீண்ட நேரம், கொஞ்சம் கூடுதல் வோல்டேஜில் தட்டினால் அசையும்.

முதல் வேலை, பேனல், இன்வெர்ட்டர் இரண்டையும் பேட்டரியிலிருந்து முழுவதும் கழற்றுவது. பின்னால் 16 வோல்ட் வரை ஏற்றப் போகிறோம், 12 வோல்ட் சாதனங்கள் அதைத் தாங்காது. கண்ணாடி, ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சமையல் சோடாவைக் கரைத்துப் பக்கத்தில் வையுங்கள், ஆசிட் தரையில் சிந்தினால் அதை ஊற்றலாம். கண்ணிலோ தோலிலோ பட்டால் சோடா வேண்டாம், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும்.

அடுத்து மூடிகளைத் திறந்து தண்ணீர் மட்டம் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால், தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். குறி வரை இப்போதே நிரப்பினால் சார்ஜில் ஆசிட் பொங்கி வழியும். மீதியை முழுச் சார்ஜுக்குப் பிறகு விட்டுக்கொள்ளலாம்.

பிறகு 14.4 வோல்ட் வைத்து, 15 ஆம்பியருக்கு மேல் போகாமல் சாதாரணமாகச் சார்ஜ் செய்யுங்கள். சல்ஃபேஷன் உள்ள பேட்டரி இங்கேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒன்றிரண்டு ஆம்பியர் கொடுத்த உடனேயே வோல்டேஜ் விருட்டென்று 14.4-ஐத் தொட்டுவிடும். பார்ப்பவர்கள் ‘ஃபுல் ஆகிவிட்டது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். அது நிறைந்ததற்கான அடையாளம் இல்லை, உள்ளே மின்சாரம் நுழையவே முடியாததற்கான அடையாளம். விட்டுவையுங்கள். சில மணி நேரத்தில் படிகம் இளக ஆரம்பித்ததும் பேட்டரி வாங்கும் ஆம்பியர் ஏறும். இந்தத் திருப்பத்தைப் பார்த்தால் பேட்டரியில் உயிர் இருக்கிறது என்று நம்பலாம்.

ஆம்பியர் மறுபடி குறைந்து 2, 3-ல் நின்றதும் ஈக்வலைஸ் சார்ஜ், அதாவது பேட்டரியின் ஆறு செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் கூடுதல் சார்ஜ். வோல்டேஜை 16-க்கு உயர்த்துங்கள், ஆனால் ஓட்டத்தை 3 முதல் 7 ஆம்பியருக்குள் கட்டிப்போடுங்கள். இதற்கு வோல்ட், ஆம்பியர் இரண்டையும் தனித்தனியாக வைக்கக்கூடிய பவர் சப்ளை வேண்டும், அல்லது திறந்த வகை (மூடி திறந்து தண்ணீர் விடும்) ஈய-ஆசிட் பேட்டரிக்கு ஈக்வலைஸ் வசதி உள்ள சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி). கன்ட்ரோலர் என்றால் பேனலை மட்டும் அதன் வழியாக மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை ஒரு செல்லின் கிராவிட்டியையும் (ஹைட்ரோமீட்டர் காட்டும் ஆசிட் அடர்த்தி) சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிட் 50 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நிறுத்தி, ஆறவிட்டுத் தொடருங்கள். மூன்று மணி நேரம் தொடர்ந்து கிராவிட்டி ஏறவே இல்லை என்றால் அந்தச் சுற்று முடிந்தது. ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். ஆளில்லாமல் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

ஹைட்ரோமீட்டரில் பலரும் தவறு செய்கிறார்கள். ஆசிட்டை இரண்டு மூன்று முறை உறிஞ்சி அதே செல்லில் விட்டபிறகு வரும் அளவைப் படியுங்கள். மிதவை கண்ணாடிச் சுவரில் ஒட்டாமல் நிற்க வேண்டும், அதன்மேல் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் மிதவை தூக்கிக்கொண்டு அளவைக் கூட்டிக் காட்டும். லேசாகத் தட்டிவிட்டு, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் விட்ட உடனே பார்க்கக் கூடாது, மேலே நிற்பது வெறும் தண்ணீராக இருக்கும். 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 0.007 கூட்டிக்கொள்ளுங்கள், 37 டிகிரியில் 1.220 என்றால் உண்மையில் 1.227. உறிஞ்சிய ஆசிட் தெளிவாக இருந்தால் நல்லது. காபி நிறத்தில் கலங்கி வந்தால் பாசிட்டிவ் தகட்டின் பொருளே உதிர்கிறது என்று பொருள், உதிர்ந்ததை எந்தச் சார்ஜும் ஒட்டவைக்காது.

டியூபுலருக்கு முழுச் சார்ஜில் பெரும்பாலும் 1.240 வர வேண்டும். சில பேட்டரிகளில் 1.250, 1.260 என்று லேபிளில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு செல்லும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில், தங்களுக்குள் 0.020-க்கு மேல் வித்தியாசமில்லாமல் வந்துவிட்டால் பேட்டரி பிழைத்தது. அரைவாசி டிஸ்சார்ஜ் செய்து, மறுபடி முழுச் சார்ஜ், மறுபடி ஈக்வலைஸ் என்று இன்னொரு சுற்று போடுங்கள். முதல் சுற்றில் வராதது இரண்டாவதில் வருவதுண்டு. மூன்று சுற்றுக்குப் பிறகும் எல்லாச் செல்லும் 1.200-க்குக் கீழேயே நின்றால் இனி போராடுவதில் பயனில்லை. சின்ன லைட் லோடுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பேட்டரியில் ஐந்து செல் 1.235 காட்டுகிறது. ஒரு செல் மட்டும் 1.120. ஈக்வலைஸ் செய்தும் அந்த ஒன்று ஏறவில்லை. சார்ஜை எடுத்துவிட்டால் வோல்டேஜ் 10.6-க்கு வந்துவிடுகிறது.

பதில்: அந்த ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. செல்லுக்கு 2.1 வோல்ட் வீதம் ஐந்து செல்லுக்கு 10.5. உங்கள் மீட்டர் சொல்வதும் அதுவே. சார்ஜில் மற்ற ஐந்தும் கொதிப்பதுபோல் குமிழி விடும்போது இது மட்டும் சும்மா இருக்கும், தொட்டால் சூடாகவும் இருக்கலாம். பிரிப்பான் தகடு கிழிந்திருக்கும், அல்லது உதிர்ந்த சகதி அடியில் நிறைந்து இரண்டு தகடுகளைச் சேர்த்திருக்கும்.

இதை வைத்துக்கொண்டே ஓட்டலாமா என்று கேட்டால், வேண்டாம். கன்ட்ரோலர் 14.4 வோல்ட் கொடுக்கும்போது ஆறு செல்லுக்கும் 2.4 வீதம் போக வேண்டியது, ஐந்து செல்லுக்கு 2.88 வீதம் போகிறது. நல்ல ஐந்தும் கொதித்து, தண்ணீர் வற்றி, சூடேறி, கூடவே சாகும். ஒரே கூட்டுக்குள் ஆறு செல் இருக்கும் பேட்டரியில் ஒன்றை மட்டும் அறுத்து மாற்றும் வேலை வீட்டில் செய்யக்கூடியதல்ல. தனித்தனி 2 வோல்ட் செல்களாக வரும் பெரிய பேங்க் என்றால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி, அதே கொள்ளளவுள்ள செல்லைப் போடலாம்.

கேள்வி: பழைய ஆசிட்டைக் கொட்டிவிட்டு, உள்ளே கழுவி, புது ஆசிட் ஊற்றினால் புதுசாகிவிடும் என்கிறார்கள். எப்சம் உப்பு போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். கிராவிட்டி குறைந்த பேட்டரியில் ஆசிட் எங்கும் ஓடிப் போகவில்லை. தகட்டில் சல்ஃபேட்டாக உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் ஏறினால் தானே கரைசலுக்குத் திரும்பும். நீங்கள் புது ஆசிட் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் 1.240 காட்டும், தகடு பழையபடியே கிடக்கும். அதாவது, நோயை அளக்கும் கருவியைக் குழப்பிவிட்டீர்கள். பிறகு தப்பித்தவறி தகடு தேறினால் ஆசிட் அளவுக்கு மீறிக் கடுமையாகி, தகட்டையே அரிக்கும்.

கவிழ்த்துக் கழுவுவது இன்னும் மோசம். வருடக்கணக்கில் உதிர்ந்த சகதி அடியில் அதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் பேசாமல் கிடக்கிறது. கவிழ்த்ததும் அது தகடுகளுக்கு நடுவே போய்ச் சிக்கி ஷார்ட் ஆகும். ஈரமான நெகட்டிவ் தகடு காற்றுப் பட்டதும் சூடேறி ஆக்சைடாக மாறும். கழுவிய தண்ணீரில் ஈயம் இருக்கிறது. அது மண்ணில், சாக்கடையில், குழந்தைகள் விளையாடும் இடத்தில் போய்ச் சேரும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இந்த ஒரு காரணமே போதும்.

எப்சம் உப்பு மெக்னீசியம் சல்ஃபேட். அது கெட்டிப்பட்ட ஈய சல்ஃபேட்டைக் கரைக்காது, கிராவிட்டியை மட்டும் கூட்டிக் காட்டும். ஆசிட் ஊற்றுவது நியாயமாகும் ஒரே இடம், பேட்டரி சரிந்து ஆசிட் சிந்திவிட்டபோது. அப்போதும் முதலில் முழுச் சார்ஜ், பிறகு அதே கிராவிட்டி உள்ள ஆசிட். ஆசிட்டைத் தண்ணீரில் கலக்க நேர்ந்தால் தண்ணீரில்தான் ஆசிட்டை மெல்ல விட வேண்டும். ஆசிட்டில் தண்ணீர் விட்டால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

கேள்வி: தண்ணீர் விடத் தேவையில்லாத ஜெல் பேட்டரி இது. மூடியைப் பெயர்த்துத் தண்ணீர் விடலாமா?

பதில்: ஜெல் பேட்டரியில் பலன் இல்லை. அதிக வோல்டேஜில் சார்ஜ் செய்ததால் ஜெல் வறண்டு வெடிப்பு விட்டிருக்கும், தண்ணீர் அந்த வெடிப்பை மூடாது. முதல் கேள்விக்குச் சொன்ன 16 வோல்ட் சார்ஜ் ஜெல், ஏ.ஜி.எம். (ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் மூடிய வகை) இரண்டுக்கும் ஆகவே ஆகாது. வால்வு திறந்து வாயு போய்விட்டால் திரும்ப வராது. ஜெல்லுக்கு 14.1 முதல் 14.4 வோல்ட்டுக்குள், குறைந்த ஆம்பியரில் ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் கொடுத்துப் பாருங்கள். அதற்கு எழுந்தால் உண்டு.

கேள்வி: 12.8 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. ஒரு மாத மழையில் சார்ஜ் இல்லாமல் கட் ஆகிவிட்டது. இப்போது டெர்மினலில் மீட்டர் வைத்தால் பூஜ்ஜியம். சார்ஜ் கன்ட்ரோலரும் பேட்டரியே இல்லை என்கிறது. செத்துவிட்டதா?

பதில்: பூஜ்ஜியத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நீங்கள் அளந்தது செல்லை அல்ல, கதவை. உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (செல்களைக் கண்காணித்துக் காக்கும் எலக்ட்ரானிக் பலகை), செல் ஏதாவது ஒன்று ஏறக்குறைய 2.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் கதவைச் சாத்திவிடும். கதவுக்குப் பின்னால் செல் நன்றாகவே இருக்கலாம். கன்ட்ரோலரோ வோல்டேஜ் தெரிந்தால்தான் சார்ஜைத் தொடங்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா நிற்கின்றன.

எல்லா லோடையும் கழற்றுங்கள். லித்தியத்துக்கான 14.4 வோல்ட் சார்ஜரில் ‘வேக்-அப்’ வசதி இருந்தால் அதை நேரடியாக மாட்டினாலே பெரும்பாலும் கதவு திறந்துவிடும். இல்லையென்றால் பவர் சப்ளையை 14 வோல்ட், 1 ஆம்பியர் என்று முதலில் வைத்துக்கொண்டு பிறகு மாட்டுங்கள். அதுவும் கையில் இல்லை, இன்னொரு நல்ல 12.8 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கிறது என்றால், 10 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் வழியாகப் பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் இணையுங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் நேராக இணைத்தால் கதவு திறந்த கணத்தில் நிறைந்த பேட்டரியிலிருந்து காலிப் பேட்டரிக்கு மின்சாரம் வெள்ளமாகப் பாயும்.

கதவு திறந்ததும் நேராக முழுச் சார்ஜுக்குப் போக வேண்டாம். பி.எம்.எஸ். புளூடூத் செயலியில் நான்கு செல்லின் வோல்டேஜையும் பாருங்கள், அல்லது மூடி ஸ்க்ரூ போட்டதாக இருந்தால் திறந்து மீட்டரில் அளவெடுங்கள். 2.5-க்கு மேல் இருந்தால் வழக்கம்போல் சார்ஜ் செய்யலாம். 2.0-க்கும் 2.5-க்கும் நடுவில் என்றால் 5 ஆம்பியருக்கு மேல் போகாமல், எல்லாச் செல்லும் 2.8-ஐத் தாண்டும்வரை பொறுமையாக ஏற்றுங்கள். 1.5-க்கும் 2.0-க்கும் நடுவில் என்றால் ஒன்றிரண்டு ஆம்பியர் மட்டும், கையைச் செல்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே. சூடு தெரிந்தால், அல்லது ஒரு செல் மட்டும் ஏறாமல் அடம்பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

1.5-க்குக் கீழே பல நாள் கிடந்த செல்லைச் சார்ஜ் செய்யாதீர்கள். எதிர்மாறாக, மைனஸில் காட்டும் செல்லுக்கும் இதுவே. காரணம் செம்பு. நெகட்டிவ் பக்கத்தில் கிராஃபைட்டைத் தாங்கி நிற்பது மெல்லிய செம்புத்தாள். வோல்டேஜ் மிகவும் இறங்கினால் அந்தச் செம்பு எலக்ட்ரோலைட்டில் கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு தான் இருந்த இடத்துக்குத் திரும்பாமல் கண்ட இடத்தில் ஊசி ஊசியாகப் படியும். அந்த ஊசி பிரிப்பானைத் துளைத்தால் உள்ளுக்குள் ஷார்ட். அது அன்றைக்கே நடக்கலாம், ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் முழுச் சார்ஜில் இருக்கும்போதும் நடக்கலாம். ‘சார்ஜ் ஏறிவிட்டதே’ என்று இதைத் தேறியதாக எண்ணிவிடாதீர்கள்.

தேறிய பேட்டரியையும் ஒருமுறை நிறைத்து, எதிலும் மாட்டாமல் இரண்டு வாரம் வையுங்கள். நான்கு செல்லும் ஒன்றுபோல் 3.3-க்கு மேல் நின்றால் சரி. ஒன்று மட்டும் தனியாக இறங்கிக்கொண்டே போனால் அதற்குள் கசிவு இருக்கிறது, ஒதுக்குங்கள்.

இனி கட் ஆனால் அன்றைக்கே எப்படியாவது கொஞ்சம் சார்ஜ் கொடுங்கள். கதவைச் சாத்திய பிறகும் பி.எம்.எஸ். தன் பங்குக்குத் தின்னும். 20 மில்லி ஆம்பியர் என்றால்கூட நாளுக்கு அரை ஏ.எச்., மாதத்துக்கு 14 ஏ.எச். கட் ஆகும்போது செல்லில் மிச்சம் இருப்பதே அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கேள்வி: 280 ஏ.எச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் 16 போட்டு நாங்களே கட்டிய பேட்டரி. இரண்டு வருடம் நன்றாக ஓடியது. இப்போது 54.3 வோல்ட் வந்ததும் பி.எம்.எஸ். சார்ஜை நிறுத்திவிடுகிறது. பார்த்தால் ஏழாவது செல் மட்டும் 3.65, மற்றவை 3.38. செல் மாற்ற வேண்டுமா?

பதில்: மூன்று சாத்தியங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் பஸ்பாரை (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) சந்தேகப்படுங்கள், செலவே இல்லாத வேலை. சார்ஜ் நடக்கும்போது ஏழாவது செல்லைப் பார்த்துக்கொண்டே பேனலைத் துண்டியுங்கள். அதே நொடியில் 3.65 விழுந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டால் குற்றவாளி செல் அல்ல, அதன் இணைப்பு. 50 ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். மற்றவை 2, 3 காட்ட ஒன்று மட்டும் 20, 30 காட்டினால் அங்கே நட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது அலுமினிய டெர்மினலில் ஆக்சைடு படிந்திருக்கிறது. கழற்றி, நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, உடனே துடைத்து, செல் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் முறுக்குங்கள். மென்மையான அலுமினியத்தில் வேகமாக முறுக்கினால் மரை போய்விடும். இந்த வேலைக்கு ஸ்பானரின் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், மோதிரம், வாட்ச், சங்கிலி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

நொடியில் விழாமல் மெல்ல இறங்கினால், டிஸ்சார்ஜிலும் அதே செல்லைக் கவனியுங்கள். மேலே முதலில் நிறைந்த ஏழாவது செல், கீழே முதலில் காலியாகவும் செய்கிறதா? அப்படியானால் அதன் கொள்ளளவே சுருங்கிவிட்டது. மாற்றத்தான் வேண்டும். முதலில் நிறைகிறது, ஆனால் முதலில் காலியாகவில்லை என்றால் செல் நலம். அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. பேலன்ஸ் போனது என்று சொல்வது இதைத்தான்.

பி.எம்.எஸ். தானே பேலன்ஸ் செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யும், எறும்பு மலையை நகர்த்துவதுபோல. வித்தியாசம் 5 சதவீதம் என்று வைத்தால் 14 ஏ.எச். சாதாரண பி.எம்.எஸ். 50 மில்லி ஆம்பியரில் அதைக் கரைக்க 280 மணி நேரம் வேண்டும். அதுவும் செல் 3.4-க்கு மேல் இருக்கும் நேரத்தில்தான் வேலை செய்யும். நாளுக்கு ஒரு மணி நேரம் அப்படிக் கிடைத்தால், ஒன்பது மாதம்.

எளிய வழி, ஏழாவது செல்லின் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே 1 ஓம், 25 வாட் ரெசிஸ்டரை மாட்டுவது. ஏறக்குறைய 3.4 ஆம்பியர் இழுக்கும், மணிக்கு 3.4 ஏ.எச். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், அதைச் செல்மேல் படாமல் ஓட்டின்மேலோ செங்கல்மேலோ வையுங்கள். ஒரு மணி நேரம் வைத்து எடுத்து, சார்ஜ் செய்து பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு மணி நேரம். கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மறந்து இரவெல்லாம் விட்டால் அந்தச் செல் பின்தங்கிப் போய் வேறு தலைவலி ஆரம்பிக்கும்.

பல செல்கள் கலைந்து கிடந்தால் எல்லாவற்றையும் பேரலலாக இணைத்து 3.65 வோல்ட்டில் டாப் பேலன்ஸ் (எல்லாச் செல்லையும் முழுச் சார்ஜில் ஒன்றுபோல் நிறுத்துவது) செய்வது முறை. முதலில் சீரியலில் இருக்கும்போதே பி.எம்.எஸ். நிறுத்தும்வரை நிறையுங்கள், பிறகு கழற்றிப் பேரலலாக மாற்றுங்கள். 16 செல் சேர்ந்தால் 4,480 ஏ.எச். ஒரு கடல். அதில் 5 சதவீதம் குறைந்தால்கூட 224 ஏ.எச்., 10 ஆம்பியர் சப்ளைக்கு ஒரு நாள் வேலை. செல் வோல்டேஜ் மணிக்கணக்கில் 3.38-லேயே நிற்கும். அப்போது பொறுமை இழந்து சப்ளையை 4, 5 வோல்ட்டுக்குத் திருகிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் 16 செல்லும் உப்பியிருக்கும். செல்லில் மாட்டுவதற்கு முன்பே, சும்மா நிற்கும் சப்ளையில் மீட்டர் வைத்து 3.65 வையுங்கள். பிறகு அந்தக் குமிழைத் தொடாதீர்கள். ஓட்டம் ஓரிரு ஆம்பியருக்குக் கீழே வந்ததும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: உப்பிய பவுச் செல்லை (மெல்லிய பை உறை போட்ட லித்தியம் செல்) இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கிப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. உள்ளே இருப்பது எரியும் கரைப்பானின் ஆவி, அதை இறுக்கினால் தையல் பிரியும். ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது அதைவிட ஆபத்து: ஈரம் பட்டால் எலக்ட்ரோலைட்டிலிருந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும்.

கேள்வி: பழைய லேப்டாப் பேட்டரிகளில் இருக்கும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்களைப் பிரித்து வீட்டு சோலாருக்குக் கட்டலாமா?

பதில்: கட்டலாம். ஆனால் எவ்வளவு வேலை என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். 14 சீரியல், 40 பேரலல் என்றால் 560 செல். தேறியவை சராசரி 2 ஏ.எச். என்றால் கிடைப்பது சுமார் 4 கிலோவாட் மணி. அந்த 560-ஐத் தேர்ந்தெடுக்க அதைவிட எவ்வளவோ அதிகச் செல்களைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

நசுங்கியது, துரு பிடித்தது, 2 வோல்ட்டுக்குக் கீழே கிடப்பது எல்லாம் முதலிலேயே வெளியே. மீதியை அரை ஆம்பியரில் 4.20 வரை ஏற்றுங்கள். சார்ஜில் கைக்குச் சூடு தெரியும் செல்லை எடுத்துவிடுங்கள். நிறைந்ததை மூன்று வாரம் சும்மா வைத்து அளவெடுத்தால் 4.1-க்கு மேல் நிற்பது நல்லது, 4.0-க்குக் கீழே போனது கசிகிறது. பிறகு ஒவ்வொன்றையும் கொள்ளளவு சோதிக்கும் சார்ஜரில் 2.8 வரை இறக்கி, எழுதியிருக்கும் அளவில் 80 சதவீதம் வராததை ஒதுக்குங்கள். வந்த எண்ணைச் செல்மேலேயே எழுதி, 14 குழுக்களின் கூட்டுத்தொகையும் ஒன்றுபோல் வரும்படி பிரியுங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் தனி ஃபியூஸ் கம்பி கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒரு செல் ஷார்ட் ஆகும்போது மற்ற 39-ம் சேர்ந்து அதைக் கொளுத்தும். சார்ஜை 4.1-லும் டிஸ்சார்ஜை 3.2-லும் நிறுத்தினால் நீண்ட நாள் வரும். இந்த வகைச் செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைவிட எளிதில் தீப்பிடிக்கும், ஆகவே ஆட்கள் தூங்கும் இடத்தை விட்டு விலக்கி, எரியாத பெட்டியில் வையுங்கள். முதன்முதலாகப் பேட்டரி கட்டுகிறவர் இதில் தொடங்குவதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

கேள்வி: சென்ற வருடம் ஈக்வலைஸ் செய்து தேற்றிய 150 ஏ.எச். பேட்டரி, ஆறு மாதத்தில் மறுபடி பழைய நிலைக்கே வந்துவிட்டது. 150 வாட் பேனல் ஒன்று இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: பேட்டரியில் தப்பில்லை, அதற்குச் சோறு போதவில்லை. இரவில் 60 ஏ.எச். எடுக்கிறீர்கள் என்றால் சார்ஜில் வீணாவதையும் சேர்த்துப் பகலில் 70 ஏ.எச். போக வேண்டும். 150 வாட் பேனல் நல்ல வெயிலில் 8 ஆம்பியர் தரும். ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு 40 ஏ.எச். தினமும் 30 கடன். இன்னொரு 150 வாட் பேனலைப் பேரலலாகச் சேருங்கள், 80 வரும். அல்லது இரவு லோடைப் பாதியாக்குங்கள்.

வயரையும் பாருங்கள். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 5 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால், போக வர 10 மீட்டரில் 15 ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட் வயரிலேயே போய்விடும். கன்ட்ரோலர் 14.4 என்று நினைத்து ஓட்டத்தைக் குறைக்க ஆரம்பிக்கும்போது பேட்டரியில் 13.4-தான் இருக்கும். ஓட்டம் குறையக் குறைய இந்த இழப்பும் குறையும், ஆனால் அதற்குள் சூரியன் சாய்ந்துவிடும். கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு மீட்டருக்குள் கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் 10 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள்.

கன்ட்ரோலரில் பேட்டரி வகை எதில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஜெல்லில் வைத்திருந்தால் ஈக்வலைஸ் ஒருநாளும் நடக்காது. திறந்த வகைக்கு மாற்றி, மாதம் ஒருமுறை ஈக்வலைஸ் நடக்கும்படி வையுங்கள். அது ஓடும் நேரத்தில் இன்வெர்ட்டரையும் 12 வோல்ட் லைட்டுகளையும் துண்டித்துவிடுங்கள்.

கேள்வி: தேறிவிட்டது என்று எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது? தேறாததை என்ன செய்வது?

பதில்: முழுச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வு விட்டு, தெரிந்த லோடை மாட்டி நேரம் எண்ணுங்கள். 150 ஏ.எச். ஈய-ஆசிட் பேட்டரிக்கு 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும் லோடு, சுமார் 90 வாட். லோடு ஓடும்போதே 10.5 வோல்ட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். இருபது மணி நேரம் வந்தால் முழு ஆரோக்கியம், பதினாறு வந்தால் 80 சதவீதம். பத்துக்குக் கீழே என்றால் அதை நம்பி இரவு ஃபேனை ஓட்டாதீர்கள். சோதனை முடிந்த மணி நேரத்திலேயே மறுபடி சார்ஜில் போடுங்கள், காலியாக ஓர் இரவு வைத்தாலும் பட்ட பாடு வீண்.

தேறாத ஈய-ஆசிட் பேட்டரியை ஆசிட்டைக் கொட்டாமல், நிமிர்ந்த நிலையிலேயே, மறுசுழற்சிக்கு எடுக்கும் விற்பனையாளரிடம் கொடுங்கள். அதன் ஈயம் உருக்கப்பட்டு மறுபடி பேட்டரியாகவே வரும். லித்தியம் செல் என்றால் இரண்டு டெர்மினலிலும் டேப் ஒட்டி, ஒன்றோடு ஒன்று உரசாமல் தனித்தனியாக வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை வண்டி அழுத்தும்போது தீப்பிடிக்கும்.